முப்பதாயிரம் ரூபாய்ப் புடவையை யாரும் ஏன் திட்டுறதில்லை?

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாலே ஹாஸ்டல்ல ஒரு கேள்வி சுத்த ஆரம்பிச்சிடும்: "முதல் சம்பளத்துல என்ன வாங்கப் போற?" ஐபோன், பைக், கோவா ட்ரிப், கேமிங் லேப்டாப்னு வரிசையா பதில் வரும். ஒவ்வொண்ணுக்கும் எதிர்ப்பும் வரும். "அது வேஸ்ட்டு மச்சி", "ஆறு மாசத்துல பாதி விலைக்குப் போயிடும்"னு ஒரு பெரிய விவாதமே நடக்கும். நடுவுல யாராவது ஒருத்தர் "அம்மாவுக்கு ஒரு பட்டுப்புடவை"ன்னு சொன்னா மட்டும் எல்லாரும் அமைதியாகிடுவாங்க. அதை வேஸ்ட்டுன்னு சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கணக்குப்படி பார்த்தா, அந்த லிஸ்ட்லயே பொறுப்பில்லாத செலவு புடவைதான். வருஷத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோ கட்டுவாங்க. மீதி நாளெல்லாம் பீரோவுக்குள்ள தூங்கும். வீட்டு மெஷின்ல போட்டுத் துவைக்க முடியாது. ஒரு சொட்டு சாம்பார் பட்டா வீட்டுல அன்னைக்கு நிம்மதி போச்சு.

எனக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரம். சின்ன வயசுலேர்ந்து தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த தெரு. காந்தி ரோட்டுல வெளியூர் கார்கள் வரிசையா நிக்கிறதையும், ஒரு குடும்பமே மூணு மணி நேரம் கடைக்குள்ள உட்கார்ந்துட்டு கையில ரெண்டு பையோட வெளியில வர்றதையும் நிறைய தடவை பார்த்திருக்கேன். சொந்தக்காரங்ககிட்டயும் தெருவுல இருக்கிற அக்கா, அத்தைங்ககிட்டயும் "உங்க கல்யாணப் புடவை அந்த விலைக்கு வொர்த்தா?"ன்னு கேட்டுப் பார்த்தேன். "அப்போ அதுக்கு வசதியே இல்லப்பா"ன்னு பல பேர் சொன்னாங்க. "வாங்காமலே இருந்திருக்கலாம்"னு சொன்னவங்க ரொம்பக் கம்மி. வசதி இல்லாம செஞ்ச செலவு, ஆனா வருத்தம் இல்ல. இது எப்படி? இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான்.

முதல்ல, அந்தப் புடவைக்குள்ள என்னதான் இருக்கு?

விலை நியாயமான்னு பேசறதுக்கு முன்னாடி, எதுக்குக் காசு கொடுக்கிறோம்னு தெரிஞ்சுக்கணும். காஞ்சிபுரத்துல பட்டுப்பூச்சி வளர்க்கிறதில்ல. கச்சாப்பட்டு பெரும்பாலும் கர்நாடகாவுலேர்ந்து வருது. ஜரிகைக்குப் பெரிய மையம் குஜராத்ல இருக்கிற சூரத். காஞ்சிபுரத்துலயே தமிழக அரசோட தமிழ்நாடு ஜரிகை நிறுவனமும் இருக்கு. இந்த ஊர் சேர்க்கிறது கைவேலையைத்தான்.

பட்டு இழை மேல செரிசின்னு ஒரு பசை ஒட்டியிருக்கும். கச்சாப்பட்டோட எடையில கிட்டத்தட்ட கால்வாசி அந்தப் பசைதான். கொதிக்கிற தண்ணியில வேகவெச்சு அதை எடுத்தாத்தான் பட்டுக்கு மினுமினுப்பு வரும், சாயமும் ஏறும். அப்புறம் பாவு ஓட்டுவாங்க. பாவுன்னா தறியில நீளவாக்குல போற நூல். அதுக்குக் குறுக்கே போறது ஊடை. காலையில வெயில் ஏறதுக்குள்ள தெரு நீளத்துக்குப் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, இழையெல்லாம் பிரிச்சு விடுவாங்க. பிள்ளையார்பாளையம் பக்கம் போனா இதை நேர்லயே பார்க்கலாம்.

அடுத்து கோர்வை. காஞ்சிபுரம் புடவையோட அடையாளமே இதுதான். உடல் மாம்பழ மஞ்சள், பார்டர் அரக்குன்னு வெச்சுக்குங்க. ஒரே ஊடை நூலை இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஓட்டினா ரெண்டு நிறமும் கலந்துடும். அதனால இடது பார்டருக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா, வலது பார்டருக்கு ஒரு நாடா. உடல் நூலும் பார்டர் நூலும் சந்திக்கிற இடத்துல ஒவ்வொரு வரியிலயும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும். இதுக்கு நெசவாளர் ஒருத்தர் பத்தாது. பக்கத்துல உட்கார்ந்து மூணாவது நாடாவைப் போட இன்னொரு ஆள் வேணும். பெரும்பாலும் வீட்டுல இருக்கிறவங்கதான் அந்த ஆள்.

முந்தானை வேற நிறத்துல வேணும்னா பிட்னி. உடலோட பாவு முடியுற இடத்துல, முந்தானைக்கான புதுப் பாவு இழைகளை பழைய இழைகளோட சேர்க்கணும். ஆயிரக்கணக்கான இழைகள். சேர்த்த இடம் உறுதியா நிக்கணும். நம்ம பாஷையில சொன்னா, ஓடிக்கிட்டு இருக்கிற சர்வரை நிறுத்தாம அதோட டேட்டாபேஸை மாத்துற வேலை. இதெல்லாம் சேர்ந்து ஒரு நல்ல கோர்வைப் புடவைக்கு ரெண்டு பேருக்குப் பத்து நாளும் ஆகலாம், டிசைனைப் பொறுத்து இருபது நாளும் ஆகலாம்.

ஜரிகைன்னா தங்க நூல்னு நினைக்கிறோம். அது தங்க நூல் இல்ல. நடுவுல சிவப்புச் சாயம் போட்ட பட்டு நூல், அதைச் சுத்தி தட்டையாக்கின வெள்ளிக் கம்பி, அதுக்கு மேல மெல்லிசா தங்க முலாம். கூட்டுறவுச் சங்கங்கள்ல ரொம்ப காலமா சொல்லப்படுற தரம் சுமார் 40% வெள்ளி, அரை சதவீதம் தங்கம். மீதி செம்பும் பட்டும். ஜரிகையை 'மார்க்' கணக்குல விக்கிறாங்க, ஒரு மார்க் சுமார் 240 கிராம். ஒரு புடவையில அரை மார்க் இருக்குன்னு வெச்சுக்கிட்டா, அதுல வெள்ளி 48 கிராம், தங்கம் 0.6 கிராம். அதனால "பட்டுப்புடவை ஒரு முதலீடு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. "பழைய பட்டுப்புடவை வாங்குறோம்"னு தெருவுல கூவிக்கிட்டு வர்றவங்க ஜரிகையை உருக்கி வெள்ளி எடுக்கத்தான் வாங்குறாங்க. அவங்க கொடுக்கிறது நாம கொடுத்த விலையில ஒரு சின்னப் பகுதி. பட்டுக்கும் நெசவுக்கும் அந்த விலையில இடமே கிடையாது.

ஆக, இது முதலீடு இல்ல. அத்தியாவசியமும் இல்ல. சுத்தமான ஆடம்பரம். இதை ஒத்துக்கிட்டு மேல போவோம்.

நம்ம ஃபார்முலா தோத்துப் போற இடம்

என்ஜினீயரிங் மூளைக்கு முதல்ல தோணுறது ஒரு தடவை பயன்படுத்த ஆகிற செலவு. வாங்கின விலையை, பயன்படுத்தின தடவைகளால வகுக்கணும். யூடியூப்ல பர்சனல் ஃபைனான்ஸ் பேசுறவங்க எல்லாம் இதைத்தான் சொல்றாங்க.

போட்டுப் பார்ப்போம். 30,000 ரூபாய்க்கு ஒரு போன். மூணு வருஷம் வருதுன்னா 1,095 நாள். ஒரு நாளைக்கு 27 ரூபாய். சூப்பர். 30,000 ரூபாய்க்கு ஒரு புடவை. 25 வருஷத்துல 25 தடவை கட்டுறாங்கன்னா, ஒரு தடவைக்கு 1,200 ரூபாய். அதுக்கப்புறம் மகளும் மருமகளும் இன்னும் 15 தடவை கட்டினாக்கூட 750 ரூபாய். வாடகைக்கு எடுத்திருந்தாக்கூட லாபமா இருந்திருக்கும்.

பொதுவா இந்த மாதிரிக் கட்டுரைகள்ல "பாருங்க, நீண்ட காலத்துல புடவைதான் மலிவு"ன்னு முடிப்பாங்க. கணக்கு அப்படி வரல. போன்தான் ஜெயிக்குது, அதுவும் பெரிய வித்தியாசத்துல.

ஆனா இப்போ வேற ஒரு கேள்வி. ஒன்பதாவது படிக்கும்போது உங்க வீட்டுல இருந்த போனோட மாடல் பேரு என்ன? எந்தக் கடையில, எந்த நாள்ல வாங்கினீங்க? அப்போ கூட யார் இருந்தாங்க? பெரும்பாலானவங்களுக்கு ஞாபகம் வராது. இதே கேள்வியை உங்க அம்மாகிட்ட அவங்க முகூர்த்தப் புடவையைப் பத்திக் கேளுங்க. நிறம், பார்டர், விலை, கடை, யார் தேர்ந்தெடுத்தாங்க, எந்த அத்தை "இது வேணாம்"னு முகம் சுளிச்சாங்க, திரும்பி வரும்போது எங்க சாப்பிட்டாங்க எல்லாம் வரும்.

ஃபார்முலா தப்பில்ல. அது அளக்கிற விஷயம் வேற, வருத்தம் பொறக்கிற இடம் வேற.

தூரப்பார்வைக் கோளாறு

பணம் விஷயத்துல நம்ம எல்லாருக்கும் கிட்டப்பார்வைன்னு சொல்லுவாங்க. இன்னைக்கு இருக்கிற சந்தோஷம் தெரியும், நாளைக்கு வரப்போற கஷ்டம் தெரியாது. இது உண்மைதான். ஆனா இதுக்கு நேர் எதிரான ஒரு கோளாறும் இருக்குன்னு ரான் கிவெட்ஸ், அனத் கெய்னன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2006-ல எழுதினாங்க. அதுக்கு அவங்க எடுத்துக்கிட்ட பேரே கண் மருத்துவத்துல தூரப்பார்வைக்குச் சொல்ற பேருதான். எப்பவும் தூரத்துல இருக்கிற எதிர்காலத்தையே பார்த்துக்கிட்டு, பக்கத்துல இருக்கிற சந்தோஷத்தைத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கிறது.

அவங்க செஞ்ச ஒரு ஆய்வு நமக்கு நல்லாவே புரியும். காலேஜ் பசங்ககிட்ட குளிர்கால லீவைப் பத்திக் கேட்டாங்க. போன வாரம் முடிஞ்ச லீவைப் பத்திக் கேட்டப்போ, "இன்னும் கொஞ்சம் படிச்சிருக்கலாம், வேலை பார்த்திருக்கலாம்"ங்கிற வருத்தம் நிறைய இருந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னாடி முடிஞ்ச லீவைப் பத்திக் கேட்டப்போ அந்த வருத்தம் குறைஞ்சு, "ஊர் சுத்தியிருக்கலாம், ஜாலியா இருந்திருக்கலாம்"ங்கிறது ஏறிடுச்சு. 40 வருஷத்துக்கு முன்னாடி படிச்சவங்க ரீயூனியனுக்கு வந்தப்போ அவங்ககிட்டயும் கேட்டாங்க. அனுபவிக்காம விட்டோமேங்கிற வருத்தம் அங்க இன்னும் அதிகம்.

காரணம் எளிமையானது. தப்பு பண்ணிட்டோம்ங்கிற குற்றவுணர்ச்சி சூடானது, ஆனா சீக்கிரம் ஆறிடும். தவறவிட்டோம்ங்கிற ஏக்கம் மெதுவா ஏறும், ஆனா இறங்காது. புடவை வாங்கின மாசம் "இவ்ளோ செலவு பண்ணிட்டோமே"ன்னு வயிறு எரியும். இருபது வருஷம் கழிச்சு, அந்த 30,000 ரூபாய் இல்லாததால எந்த மாசம் கஷ்டப்பட்டோம்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. கல்யாண போட்டோவுல இருக்கிற அரக்குப் புடவை மட்டும் அப்படியே இருக்கும்.

இதுல ஒரு எச்சரிக்கையும் இருக்கு. இது அமெரிக்கக் காலேஜ்ல கேட்டது. அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குக் கவலை இல்லாதவங்ககிட்ட கேட்டது. நம்ம நிலைமைக்கு இதை அப்படியே எடுத்துக்க முடியாது. அந்த விஷயத்துக்குக் கீழ வர்றேன்.

பீரோவுக்குள்ள மடிச்சு வெச்ச நாட்கள்

லீஃப் வான் போவன், தாமஸ் கிலோவிச்னு ரெண்டு உளவியலாளர்கள் 2003-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பொருள் வாங்குறதை விட, அனுபவத்துக்குச் செலவு பண்றது மக்களுக்கு அதிக சந்தோஷம் கொடுக்குதுன்னு அதுல சொன்னாங்க. டிவியை விட டூர், சோபாவை விட கச்சேரி. இதை வெச்சுத்தான் இன்னைக்கு எல்லா ட்ராவல் இன்ஃப்ளூயன்சரும் வண்டி ஓட்டுறாங்க.

அப்படின்னா புடவை பொருளா, அனுபவமா? கையில பிடிக்கலாம், பீரோவுல வைக்கலாம், அதனால பொருள். ஆனா அதை வாங்குறதே ஒரு நாள் முழுக்க நடக்கிற நிகழ்ச்சி. காலையில கிளம்பி, காமாட்சியம்மனையோ வரதராஜப் பெருமாளையோ பார்த்துட்டு, காஞ்சிபுரம் இட்லி சாப்பிட்டு, அப்புறம் கடை. கடைக்காரர் நூறு புடவையைப் பிரிச்சுப் போடுவார். குடும்பத்துல இருக்கிற எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும். அந்த நாள் அந்தப் புடவைக்குள்ளயே மடிச்சு வெச்சுடுறாங்க. கட்டுற ஒவ்வொரு நாளும் அதுல சேருது. மகளோட காதுகுத்து, தம்பி கல்யாணம், கிரகப்பிரவேசம்.

இன்னொரு விஷயமும் நடக்குது. தினமும் பார்க்கிற எந்தப் பொருளும் பழகிடும். புது போன் மூணு வாரத்துல வெறும் போன் ஆகிடும். வருஷத்துக்கு ரெண்டு தடவை மட்டும் வெளியில வர்ற புடவை பழக வாய்ப்பே இல்ல. 'எப்பவாவதுதான் கட்டுறோம்'ங்கிறது நம்ம கணக்குல பலவீனம். ஞாபகத்துக்கு அதுதான் பலம்.

சில சமயம் ஒரு புடவை ஒரு ஆளோட பேராவே மாறிடும். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் கொண்டுவந்த ஒரு நீல நிறம் இருக்கு. இன்னைக்கும் கடையில 'எம்.எஸ். ப்ளூ'ன்னு கேட்டா எடுத்துப் போடுவாங்க. நம்ம வீட்டுலயும் சின்ன அளவுல இதேதான். "பாட்டியோட மயில்கழுத்து நிறம்"னு சொன்னா வீட்டுல எல்லாருக்கும் எந்தப் புடவைன்னு தெரியும்.

நம்மள நாமே ஏமாத்திக்கிறோமா?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது. "எனக்கு வருத்தமே இல்ல"ன்னு சொல்றவங்க எல்லாரும் உண்மையைச் சொல்றாங்களா?

1956-ல ஜாக் பிரெம்னு ஒரு உளவியலாளர் வீட்டு உபயோகப் பொருட்களை வெச்சு ஒரு சோதனை பண்ணினார். பெண்கள்கிட்ட பொருட்களுக்கு மதிப்பெண் போடச் சொல்லி, அதுல ரெண்டைக் காட்டி ஒண்ணை எடுத்துக்கச் சொன்னார். எடுத்த அப்புறம் திரும்ப மதிப்பெண் கேட்டப்போ, தான் எடுத்த பொருளுக்கு மார்க் ஏறிடுச்சு, விட்ட பொருளுக்குக் குறைஞ்சிடுச்சு. பொருள் மாறல. எடுத்துட்டோமேன்னு மனசு தன்னைத் தானே சமாதானப்படுத்திக்குது.

புடவையிலயும் இது கண்டிப்பா இருக்கு. அவ்ளோ பணம் கொடுத்து வாங்கினதை "தப்பு"ன்னு ஒத்துக்கிறது கஷ்டம். கல்யாணப் புடவையைக் குறை சொன்னா கல்யாணத்தையே குறை சொன்ன மாதிரி ஆகிடும். அதனால "வருத்தம் இல்ல"ங்கிற பதிலை மட்டும் வெச்சு அது நல்ல செலவுன்னு முடிவு பண்ண முடியாது. நான் ஒரு எளிய சோதனை வெச்சுக்கிட்டேன். வருத்தம் இருக்கான்னு கேக்காம, "அந்தப் புடவையைக் கடைசியா எப்போ எடுத்துப் பார்த்தீங்க?"ன்னு கேட்டேன். சமாதானத்துக்குச் சொல்றவங்க யோசிப்பாங்க. உண்மையிலயே பிடிச்சவங்க எழுந்து போய் எடுத்துட்டு வந்துடுவாங்க.

வருத்தம் எங்க வருது?

வருத்தப்பட்டவங்களும் இருந்தாங்க. அவங்க கதைகளைக் கேட்டா மூணு காரணம்தான் திரும்பத் திரும்ப வருது.

முதல் காரணம் கடன். மாசா மாசம் சீட்டு கட்டி, சேர்ந்த பணத்துல வாங்கினவங்களுக்கு வருத்தம் இல்ல. வட்டிக்கு வாங்கினவங்களுக்குப் புடவை பழசான அப்புறமும் கடன் புதுசாவே இருந்தது. நம்ம தலைமுறைக்கு இதோட பேரு கிரெடிட் கார்டு. மாசம் 3% வட்டின்னு வெச்சுக்கிட்டா, வருஷத்துக்குக் கூட்டு வட்டியில 42 சதவீதத்துக்கு மேல வரும். 30,000 ரூபாய் ஒரு வருஷத்துல கிட்டத்தட்ட 42,800. வருத்தம் ஆறுறதுக்கு நேரம் வேணும்னு மேல சொன்னேன் இல்லையா? கடன் அந்த நேரத்தைக் கொடுக்காது. மாசாமாசம் அஞ்சாம் தேதி ஞாபகப்படுத்தும். எஜுகேஷன் லோன் இருக்கிறவங்க இந்தப் பத்தியை ரெண்டு தடவை படிங்க.

ரெண்டாவது காரணம் ஏமாற்றம். எங்க தெருவுல ஒரு அக்கா சுத்த ஜரிகைன்னு நம்பி ஒரு கடையில வாங்கின புடவை, நாலு வருஷத்துல பார்டர் கறுத்துப் போச்சு. உரசிப் பார்த்தா உள்ள சிவப்புப் பட்டு நூலே இல்ல. பணம் போனதை விட, அந்த நாளோட ஞாபகமே கெட்டுப் போனதுதான் அவங்களுக்குக் கஷ்டம்.

மூணாவது காரணம், அடுத்தவங்க கண்ணுக்காக வாங்குறது. ஆடம்பரத்துக்கு மேல் எல்லை கிடையாது. 2008-ல சென்னை சில்க்ஸ் ரவிவர்மா ஓவியங்களை நெய்து, விலையுயர்ந்த கற்கள் பதிச்சு, சுமார் 40 லட்சம் ரூபாய்க்கு ஒரு பட்டுப்புடவை செஞ்சு கின்னஸ் சாதனை பண்ணினாங்க. அது விளம்பரம், சரி. ஆனா "சம்பந்தி வீட்டுல 50,000 ரூபாய்க்கு எடுத்தாங்க, நாம குறைஞ்சா நல்லா இருக்காது"ன்னு வாங்குறதும் அதே ரகம்தான். சம்பந்தியம்மா ஒரு தடவை பார்த்ததோட அந்தப் புடவையோட வேலை முடிஞ்சிடுது.

தறிக்கு அந்தப் பக்கம்

இதுவரைக்கும் வாங்குறவங்க மனசைப் பத்தி மட்டும் பேசினோம். அந்தப் புடவையை நெய்றவங்க அதை வாங்க முடியுமா?

பிரியதர்ஷன் இயக்கின 'காஞ்சிவரம்' படம் இதைத்தான் பேசுது. தன் பொண்ணைப் பட்டுப்புடவை கட்டித்தான் கல்யாணம் பண்ணிக் கொடுப்பேன்னு சபதம் எடுக்கிற ஒரு நெசவாளி, வேலை செய்ற இடத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா பட்டு நூலைத் திருட ஆரம்பிக்கிறான். சிறந்த திரைப்படத்துக்கும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகருக்கும் தேசிய விருது கிடைச்சது. கதை சுதந்திரம் வந்த காலத்துல நடக்குது. ஆனா நெசவாளர் கையில நிக்கிற காசு இன்னைக்கும் பெருசா இல்ல. 2019-20 அகில இந்திய கைத்தறிக் கணக்கெடுப்புப்படி, நாடு முழுக்க நெசவாளர் குடும்பங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு மாசம் 5,000 ரூபாய்க்கும் கீழ சம்பாதிக்குது. இது எல்லா வகைக் கைத்தறியும் சேர்ந்த கணக்கு. காஞ்சிபுரத்துப் பட்டுக்குக் கூலி கொஞ்சம் கூடுதல்தான். ஆனா அந்தக் கூலி நெய்றவருக்கு, நாடா போடுற ஆளுக்கு, தார் சுத்தித் தர்ற வீட்டுப் பெண்களுக்குன்னு பிரியும்.

அதனாலதான் நெசவாளர் வீட்டுப் பசங்க தறியில உட்காருறதில்ல. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைன்னு கம்பெனி பஸ் ஏறிடுறாங்க. நாம இன்டர்ன்ஷிப் போற அதே இடங்கள். அவங்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்ல, நானும் தறி கத்துக்கல. ஆனா அதோட விளைவு என்னன்னா, ரெண்டு பேர் வேணும்ங்கிற கோர்வைதான் முதல்ல குறையுது. கூட உட்கார ஆள் இல்லன்னா, ஒரே ஆளா நெய்யக்கூடிய டிசைனுக்கு மாறிடுறாங்க. இன்னொரு பக்கம் விசைத்தறிப் போட்டி. ஜரிகை பார்டர் போட்ட பட்டுப்புடவை மாதிரி சில ரகங்களைக் கைத்தறியில மட்டும்தான் நெய்யணும்னு 1985-லயே மத்திய அரசு சட்டம் போட்டது. அதையும் மீறி விசைத்தறிப் புடவை கைத்தறின்னு விக்கப்படுதுங்கிறது நெசவாளர்களோட நீண்ட காலப் புகார்.

அதனால வாங்குறவங்களோட 'வருத்தம் இல்லை'யில இன்னொரு பகுதியும் இருக்கு. நாம ஆடம்பரம்னு செலவு பண்ற பணம் இந்த வேலைக்குப் போய்ச் சேர்ந்தா, அது இருபது நாள் ரெண்டு பேரோட உழைப்புக்குக் கூலி. சேராம போலிக்குப் போச்சுன்னா, அது நிஜமாவே வேஸ்ட்டு.

வாங்கப் போறவங்களுக்கு

ஒண்ணு, முதல் சம்பளத்துலயே வாங்கணும்னு கட்டாயம் இல்ல. ஆறாவது சம்பளத்துல வாங்கினாலும் அம்மா கட்டிக்குவாங்க. கடன் இல்லாம வாங்குறதுதான் முக்கியம்.

ரெண்டு, முத்திரைகளைத் தெரிஞ்சுக்குங்க. 'சில்க் மார்க்' பட்டு சுத்தமானதுன்னு மட்டும்தான் சொல்லும். ஜரிகையைப் பத்தியோ கைத்தறியைப் பத்தியோ சொல்லாது. கைத்தறிக்குத் தனியா 'ஹேண்ட்லூம் மார்க்' இருக்கு. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-லேர்ந்து புவிசார் குறியீடும் இருக்கு.

மூணு, ஜரிகை 'ப்யூரா', 'ஹாஃப் ஃபைனா', 'டெஸ்டட்'டா'ன்னு கேளுங்க. டெஸ்டட்னா சோதிச்சுப் பார்த்த தரமான ஜரிகைன்னு நினைச்சுடாதீங்க. வியாபாரத்துல அது செம்புக் கம்பிக்கு முலாம் பூசின மலிவு ரகத்தோட பேரு. மலிவு ரகம் வாங்குறது தப்பில்ல. என்னன்னு தெரிஞ்சு, அதுக்கான விலை கொடுத்து வாங்கணும். சந்தேகம்னா கூட்டுறவுச் சங்கம், கோ-ஆப்டெக்ஸ் பக்கம் போங்க, பில்லும் வாங்கிக்குங்க.

நாலு, சர்ப்ரைஸ்னு சொல்லி நீங்களே வாங்கிட்டுப் போகாதீங்க. அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்கு அந்த நாளும் சேர்த்துத்தான் பரிசு.

அஞ்சு, பிளாஸ்டிக் கவர்ல வைக்காம பழைய பருத்தி வேட்டியில சுத்தி வைக்கணும். சில மாசத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாத்தி மடிக்கணும், இல்லன்னா ஜரிகை மடிப்புலயே விட்டுடும். ரசகற்பூர உருண்டையை ஜரிகை மேல படற மாதிரி போடக் கூடாது.

கடைசியா, கடையில புடவை பிடிச்சுப் போச்சுன்னா உடனே பில் போடச் சொல்லாதீங்க. "கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கண்ணா, இது கோர்வையா?"ன்னு கேளுங்க. பின்பக்கம் உடலும் பார்டரும் சேர்ற கோட்டுல விரலை ஓட்டிப் பாருங்க. ஒவ்வொரு வரியிலயும் நூல் ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கிறது லேசான சொரசொரப்பா கையில தெரியும். நம்ம பணத்துல ஒரு பகுதி அந்த ஒரு கோட்டுக்குத்தான் போகுது.